குளக்கட்டில் இருந்த மூன்று பேர்

இறக்காமத்துப் பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர் சபையினருக்கும் மௌலவிமாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்,



மஃரிபுக்குப் பிறகு குளக்கட்டில் மூன்று பேர் கூடியிருந்து குடிக்கிறார்கள் என்று போன மாரிக்கு முன்னர் ஊரில் ஒரு கதை கிளம்பியது. உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பெரியவர்கள் இருவர் டோர்ச் லைட்டோடு போய்ப் பார்த்தார்கள். போத்தல் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பிளாஸ்க்கில் இஞ்சிப் பிளேன்டீ இருந்தது. "இந்த நேரத்தில இஞ்ச என்ன வேல? எழும்பி ஊட்டுக்குப் போங்க" என்றார்கள். மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள்.

அந்த மூவரில் ஒருவன் என் தம்பி. குடியை விட்டவர்கள் அவர்கள். விட்ட குடி திரும்பிவிடக் கூடாது என்பதற்காகக் கிழமைக்கு ஒரு தரம் கூடி, இந்தக் கிழமை எப்படிப் போனது, எந்த நேரம் மனம் தடுமாறியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்து இதைப் பேச ஏலாது. பிள்ளைகள் கேட்பார்கள், மாமி கேட்பார், மதிலுக்கு அப்பால் அயலும் கேட்கும். தேநீர்க் கடையிலும் பேச ஏலாது. ஆகவே குளக்கட்டுக்குப் போனார்கள். டோர்ச் லைட் அடித்த அந்த மாலையோடு அவர்களுடைய கூட்டம் முடிந்தது. மூவரில் ஒருவர் அந்தக் கிழமையே திரும்பவும் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

போய்ப் பார்த்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இருட்டில் மூன்று ஆண்கள் கூடியிருந்தால் இந்த ஊரில் யாருக்கும் முதலில் வரும் நினைப்பு அதுதான். எனக்கும் அதுதான் வந்திருக்கும். ஆனால் அதன் பிறகு நான் நிம்மதியாக உறங்கவில்லை. நான் ஒரு பெண். உங்கள் கூட்டத்துக்கு வந்து எழுந்து பேச எனக்கு வழியில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்களாகவும் இருக்கலாம். தம்பியின் மானத்துக்காக என் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

நம் ஊரில் குடி இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஊருக்குள் பார் வரக் கூடாது என்று நிற்கிறோம். நிற்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அம்பாறை நகரம் அரை மணி நேர பஸ் தூரம். வெள்ளாமை வெட்டிக் காசு கையில் புழங்கும் நாட்களில் வயல் வாடிகளில் என்ன நடக்கிறது என்பதை வட்டை விதானைமாரிடம் கேட்டால் சொல்வார்கள். சாராயம் வாங்கக் காசில்லாதவனுக்குக் கசிப்பு இருக்கிறது. இப்போது ஊரின் பயமெல்லாம் ஐஸ் என்ற போதைப்பொருள் மேல் திரும்பியிருக்கிறது. அந்தப் பயமும் நியாயம்தான். ஆனால் ஐஸைப் பற்றிக் குத்பாவில் பேசுகிறோம், பாடசாலையில் பேசுகிறோம். குடியைப் பற்றிப் பேசினால் "நம்மட ஆக்களுமா?" என்று கேட்டுவிடுவார்களே என்று வாயை மூடிக்கொள்கிறோம். குடிப்பவன் அதனால் இரண்டு தரம் ஒளிகிறான். குடிக்கும்போதும் ஒளிகிறான், விட நினைக்கும்போதும் ஒளிகிறான். விடப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் இவ்வளவு நாளும் குடித்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

நோன்பு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறை கண்டால் என் தம்பி போத்தலை விட்டுவிடுவான். யாரும் சொல்லத் தேவையில்லை. முப்பது நாளும் தொடமாட்டான். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள், மற்றவர்கள் ஆறு நோன்பு பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் வயல் வாடியில் விழுந்து கிடப்பான். பதினொரு வருடம் இதைக் கண்ணால் கண்டேன். "முப்பது நாள் விட ஏலுமெண்டா மத்த நாளும் விட ஏலும்தானே, இது கொழுப்பு" என்று ஊர் சொல்லும். நானும் சொன்னேன். அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்காக இன்றுவரை மனம் வெதும்புகிறேன்.

ஏனென்றால் அந்த முப்பது நாளும் அவன் தனியாக விடவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. சஹருக்கு ஊரே அவனை எழுப்பியது. அஸருக்குப் பிறகு பள்ளியில் கஞ்சிக்கு நின்றான். அவனுடைய பசியும் தாகமும் பக்கத்தில் நின்றவனுக்கும் இருந்தன. குடிக்கத் தோன்றுகிற இரவு நேரத்தில் தறாவீஹில் தோளோடு தோள் ஒட்டி நின்றான். பெருநாள் இரவு தக்பீரோடு இவ்வளவும் ஒரே நாளில் கலைந்துபோகும். நாமெல்லாம் நம் வழமைக்குத் திரும்புகிறோம். அவனுக்கும் ஒரு வழமை இருக்கிறது, அவன் அதற்குத் திரும்புகிறான். மிச்சப் பதினொரு மாதத்துக்கும் அவனுக்குப் பக்கத்தில் ஒரு தோள் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அதே நோன்பு மாதத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு வருடம் மூன்றாம் நோன்பு அன்று அவனுக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பிதற்றினான். பிறகு வலிப்பு வந்தது. ஜின் என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். கடைசியில்தான் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று குடி நின்றால் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகும் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம், நிறுத்துவதென்றால் மருந்தோடும் வைத்தியர் பார்வையோடும் நிறுத்த வேண்டும் என்றார். மௌலவிமாரே, ஷஃபான் மாதக் கடைசி ஜும்ஆவில் இந்த ஒரு விஷயத்தை யாரையும் சுட்டாமல் சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகளுக்கு உதவும். நோன்புக்கு முன்னரே வைத்தியரைக் காணுங்கள், வலிப்பு வந்தால் ஓதிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள் என்று சொன்னால் போதும்.

வைத்தியசாலையில் ஐந்தாறு நாளில் உடம்பிலிருந்து குடி இறங்கிவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்க வருடக் கணக்கானது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கு 1927 என்றொரு இலக்கமும், அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்துக்கு 1926 என்றொரு இலக்கமும் இருப்பது, இவ்வளவு படித்த எனக்கே தெரியாது. ஓர் ஆலோசகர்தான் சொன்னார்: குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடியிருந்து பேசும் கூட்டங்கள் இருக்கின்றன, அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர், கொழும்பில் நடக்கின்றன, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

இரவு பஸ் ஏறினோம். எட்டு ஒன்பது மணித்தியாலப் பயணம். கூட்டம் நடந்த இடத்தில் நான் வெளியே வாங்கில் இருந்தேன், அவன் உள்ளே போனான். சிங்களமும் ஆங்கிலமும்தான் பேசினார்களாம். அவனுக்கு விளங்கியது பாதி. ஆனால் நரைத்த தலைமயிரோடு ஒருவர் தன் கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு, உடைந்த தமிழில் ஒவ்வொன்றையும் காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாராம். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, என்ன சாதி சனம் என்று கேட்கவில்லை. அவன் முறை வந்ததும் என்ன சொன்னாய் என்று திரும்பி வரும்போது கேட்டேன். "எனக்கு ஏலாது எண்டு சென்னன் ராத்தா" என்றான்.

ஏலாது. நம் பக்கத்து ஆண் லேசில் சொல்லாத சொல் அது. வாப்பாவிடம் சொல்லமாட்டான், பெண்சாதியிடம் சொல்லமாட்டான். "நினைச்சா நாளைக்கே விடுவன்" என்றுதான் பதினொரு வருடமாக என் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். ஏலாது என்று சொன்ன அன்றிலிருந்துதான் அவன் விடத் தொடங்கினான். அதை அவன் சொன்னது அதே ஏலாமையில் கிடந்து எழும்பியவர்கள் முன்னால். வேறு யார் முன்னாலும் அவனால் சொல்லியிருக்க முடியாது. நான் அழுது கேட்டும் சொல்லவில்லையே!

ஆனால் ஒவ்வொரு கிழமையும் கொழும்புக்குப் போக யாரால் முடியும்? இரண்டு தரம் போனான். பிறகுதான் ஊரில் தன்னைப் போல் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, குளக்கட்டில் போய் இருந்தான். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

கொழும்பில் கண்ட அந்தக் கூட்டங்கள் முதலில் எப்படித் தொடங்கின என்று தேடிப் படித்தேன். நம்பிக்கையாளர்களே, உங்களைப் போன்ற ஒருவர் அந்தக் கதையில் வருகிறார் என்பதால் சொல்கிறேன். 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு ஹோட்டல். பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் வந்த காரியம் கெட்டுப்போய்த் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஹோட்டலின் ஒரு பக்கம் பார், ஆட்கள் சிரிக்கும் சத்தம். மறுபக்கம் தொலைபேசி. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் இன்றைக்குத் தப்புவேன் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படி ஒருவரை யாரிடம் கேட்பது? தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் எடுத்தார். அந்தப் பாதிரியார் "குடிகாரனைத் தேடி என்னிடம் ஏன் வருகிறாய்?" என்று கேட்டு வைத்துவிடவில்லை. விசாரிக்கச் சில பெயர்களைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு போன வில்சன் ஒரு பெண்மணியின் வீட்டில் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரைச் சந்தித்தார். அவரும் குடியில் அழிந்துகொண்டிருந்தவர். கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த வைத்தியர் இரவு வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10 என்ற நாளைத்தான் அந்த அமைப்பு தன் பிறந்த நாளாகக் கணக்கெடுக்கிறது. இன்று ஏறக்குறைய 180 நாடுகளில் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அன்றைக்கு அந்தப் பாதிரியார் போனை வைத்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

இது கிறிஸ்தவர்களின் ஏற்பாடு, நமக்குச் சரிவருமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அது அந்தச் சூழலில் பிறந்தது உண்மை. ஆனால் சேர்வதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருக்க வேண்டும். அமெரிக்க முஸ்லிம்கள் 1989இல் பால்டிமோர் நகரத்தில் இதே வழியை நம் மார்க்கத்துக்குள் வைத்து மில்லத்தி இஸ்லாமி என்ற கூட்டத்தைத் தொடங்கினார்கள். தௌபாவும் துஆவும் அதற்குள் இருக்கின்றன. நாம் அந்த முறையில் நடத்தலாம், வேறு பெயரில் நடத்தலாம், பெயரே இல்லாமலும் நடத்தலாம். இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2020இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. குடிக்காமல் நிலைத்து நிற்பதற்கு அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் அவற்றுக்கு ஆளை வழிப்படுத்தும் சிகிச்சையும் மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை இல்லை, சில வகையில் கூடியவை என்பதே அதில் கண்ட முடிவு.

மார்க்கம் என்று வரும்போது நான் உங்களுக்குப் பாடம் எடுக்கத் துணியமாட்டேன். மது ஒரே நாளில் தடைசெய்யப்படவில்லை, படிப்படியாகவே தடை வந்தது என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். உமர் (ரழி) அவர்கள் அறிவித்ததாகப் புகாரியில் வரும் ஒரு செய்தியும் உங்களுக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். குடித்ததற்காகத் தண்டனை பெற்றவர், திரும்பவும் குடித்துத் திரும்பவும் கொண்டுவரப்பட்டவர். எத்தனை தரம்தான் இவனைக் கொண்டு வருவது என்று ஒருவர் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய ரசூலையும் நேசிக்கிறார் என்பதையே தாம் அறிவதாகச் சொன்னார்கள். தண்டனையும் இருந்தது, அந்த மனிதருக்குச் சபையில் இடமும் இருந்தது. நம் ஊரில் முதலாவது மட்டும் மிஞ்சிவிட்டது என்பதுதான் என் மனத்தாங்கல். குடிப்பவனின் மகளுக்கு மாப்பிள்ளை வருவதில்லை. அவன் ஸலாம் சொன்னால் பதில் தேய்ந்துபோகிறது. அவன் ஜனாஸாவில் கூடச் சிலர் பின்வாங்கி நிற்பதை ஓர் ஊரில் கண்டேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்.

2017 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். வாங்காமத்தில் கந்தூரிச் சோறு நஞ்சாகி நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். வைத்தியசாலை கொள்ளவில்லை. மௌத்தும் நடந்தது. அன்றைக்கு இந்த ஊர் எப்படி ஓடியது! வாகனம் வைத்திருந்தவனெல்லாம் வாகனம் கொடுத்தான். ஏன் சாப்பிட்டாய் என்று விழுந்தவனைப் பார்த்து ஒருவரும் கேட்கவில்லை. அது ஹலாலான சோறு, இது ஹராமான சாராயம், இரண்டும் ஒன்றாகுமா என்று நீங்கள் சொல்லலாம். ஒன்றாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நஞ்சேறிக் கிடக்கிற உடம்பும், வாசலில் நின்று அழுகிற உம்மாவும் இரண்டிலும் ஒன்றுதான்.

குடிப்பவனின் வீட்டுப் பெண்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பவர். குடிக்கிறவனைப் பெண்சாதி வெளியே தள்ளலாமே என்று லேசாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் வாப்பாவை எந்தப் பெண் தெருவில் விடுவாள்? விட்டால் ஊர் அவளைத்தான் பேசும். என் தம்பி பெண்சாதி சீட்டுக்காசை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தாள். "அவருக்குச் சுகமில்ல" என்று பத்து வருடம் ஆட்களுக்குப் பொய் சொன்னாள். இப்படி ஒளிப்பதும் மறைப்பதும் அவனுடைய குடிக்கே துணைபோகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கென்று அல்-அனோன் என்ற தனிக் கூட்டத்தைத் தொடங்கினார். சென்னையில் டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதனின் கணவர் 1979இல் குடியால் இறந்தார். பெரிய இடத்துச் சங்கதி என்று அவர் அதை மூடி வைக்கவில்லை. அடுத்த வருடமே குடிநோயாளிகளுக்கென்று சிகிச்சை நிலையம் தொடங்கினார். வெட்கப்பட்டு மூலையில் இருந்திருந்தால் யார் குற்றம் சொல்லியிருப்பார்கள்? எனக்கு அந்த வசதியும் இல்லை, அவ்வளவு துணிவும் இல்லை. இந்த மடலை எழுதும் அளவுக்குத்தான் இருக்கிறது.

இனி என் வேண்டுகோள்.

கிழமைக்கு ஒரு மாலை, செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்வோம், இஷாவுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு ஓர் அறை தாருங்கள். பள்ளிவாசலின் பகுதியாக இருக்க வேண்டும் என்றில்லை. மத்ரசாவின் பின்பக்க வகுப்பறை போதும், பாவிக்காமல் கிடக்கும் ஒரு பொதுக் கட்டடம் போதும். கதவு பெருந்தெருவைப் பார்க்காமல் இருந்தால் நல்லது. ஏழெட்டுக் கதிரை, ஒரு மின்விளக்கு. காசு வேண்டாம். தேயிலையும் சீனியும் வருகிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். வெளியாரிடம் காசு வாங்காமல் நடத்துவதுதான் இந்தக் கூட்டங்களின் முறையும்.

அறையைத் தந்துவிட்டு உள்ளே வராதீர்கள். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். வருகிறவர்களின் பெயரைப் பதியக் கூடாது. படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடக் கூடாது. அங்கே பயான் வைக்கக் கூடாது. பயானை அவர்கள் பள்ளியில் கேட்கிறார்கள், குடி ஹராம் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாததில்லை. அங்கே பேசியதை வைத்து நாளைக்கு ஒருவரின் கலியாணப் பேச்சையோ சபை உறுப்புரிமையையோ தொடமாட்டோம் என்று நீங்கள் உங்களுக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒரு தரம் அது மீறப்பட்டால் அந்த அறைக்கு அதன் பிறகு ஒருவரும் வரமாட்டார்.

விழுந்தவன் திரும்பி வருவான். அவனை உள்ளே விட வேண்டும். மாணிக்கமடுவிலிருந்து ஒரு தமிழ்ச் சகோதரர் வந்தாலும், அம்பாறைப் பக்கமிருந்து ஒரு சிங்களவர் வந்தாலும் அவருக்கும் ஒரு கதிரை இருக்கட்டும். என் தம்பிக்குக் கதிரையை இழுத்துப் போட்டவர் எங்கள் ஆள் இல்லை என்பதை மறக்க என்னால் ஏலாது. பெண்களுக்கு வேறொரு நாளில் அதே அறையைத் தந்தால் அதை நடத்தும் பொறுப்பை நானே எடுப்பேன். முதல் நாளைக்கு நானும் தம்பி பெண்சாதியும் மட்டும் வந்து இருந்தாலும் பரவாயில்லை.

குளக்கட்டில் இருந்த மூவரில் இரண்டு பேர் இன்னமும் குடிக்காமல் இருக்கிறார்கள். மூன்றாமவர் போன கிழமை என் தம்பியைத் தேடி வந்து வாசலில் நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவரிடம் எந்த இடத்துக்கு வரச் சொல்வது என்று தம்பி என்னிடம் கேட்கிறான். நம்பிக்கையாளர்களே, கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுக்க நாள் எடுக்கும் என்பது தெரியும். அதற்கிடையில் ஏதாவது ஓர் அறையின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். தம்பி வந்து வாங்கிக்கொள்வான்.

வஸ்ஸலாம்.

உங்கள் ராத்தா ஒருத்தி,
இறக்காமம்